அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ‘தியாகி’ மட்டும்தான் வருகிறார்

(நீளமான கடிதம். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.)

வாசகிக்கு 41 வயது. மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவர். அண்ணன் ஏழு வயது மூத்தவர், தங்கை மூன்று வயது இளையவர். அப்பா காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று இருந்த மனிதர். நண்பர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை, பொழுதுபோக்கும் கிடையாது. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் ‘குடும்பம்தான் அவருக்கு உலகம்’ என்றே சொல்லிவிட்டுப் போனார்களாம். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுவது என்று வீட்டில் முடிவாகி, ‘நீதான் நன்றாக எழுதுவாய்’ என்று பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத்து நகரவில்லை. அந்த இரண்டு பக்கத்தைக் குடும்பத்தினருக்கு அனுப்பியதும் அண்ணன் போன் செய்து, ‘நீ எழுதியிருக்கும் ஆளை எனக்குத் தெரியாது, என்னை இதில் சேர்க்காதே’ என்று சொல்லி வைத்துவிட்டார். ‘அவர் வாழ்நாளில் யார் மீதும் கை ஓங்கியதில்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அண்ணன் பதினைந்து வயது வரை அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியவர் என்பது வாசகிக்கு அந்த போனில்தான் தெரிந்தது. அம்மாவோ ‘நல்லதை மட்டும் எழுது’ என்கிறார்.

இதற்கிடையே அப்பாவின் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய கடிதம் கிடைத்திருக்கிறது. நிலவரைபடம் தயாரிக்கும் துறையில் இரண்டு வருடப் பயிற்சிக்கு அவர் தேர்வாகியிருந்ததாகச் சொல்லும் கடிதம். தேதியைப் பார்த்தால் வாசகி பிறந்த வருடம். அப்பா போகவில்லை, யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ‘எனக்காகத்தான் அவர் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தாரா?’ என்ற கேள்வி இவரைத் தூங்கவிடவில்லை.

இன்னும் மூன்று கேள்விகள். அப்பாவை நினைத்தால் ஐசியூவில் இருந்த கடைசி நாட்கள் மட்டுமே வருகின்றன, அழுகையும் வரவில்லை. துக்கத்தின் ஐந்து கட்டங்களில் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேனா? ‘விட்டுவிட்டு வெளியே வா’ என்கிறார் கணவர், அது சரியா? அப்பாவின் போனை அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் தங்கை, கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது.

போனை அழிக்க வேண்டாம்

தங்கையிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பயன்படாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். எட்டு மாதமாக அந்த போன் அணைந்தே கிடந்தால் கணக்கு போயிருக்கலாம். ஆனால் போனுக்குள்ளேயே சேமிப்பில் இருக்கும் உரையாடல்களும் குரல் பதிவுகளும் அந்தச் செயலியை நீக்கும் வரை அங்கேதான் கிடக்கும். ஆகவே ‘நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம்’ என்று யாரும் கை வைக்கக் கூடாது. அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போனிலும் இருக்கும். உங்கள் மூவர் போன், அம்மாவின் போன், அத்தையின் போன் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, இரண்டு வேறு இடங்களில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சாவி எடுத்துக்கொண்டாயா’ என்பது போன்ற ஆறு விநாடிப் பதிவாக இருந்தாலும் எடுங்கள். பிற்காலத்தில் வீட்டில் அதிகம் தேடப்படுவது அந்த மாதிரிப் பதிவுகள்தான்.

சிம்மையும் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் ஒருநாள் வேறு யாருக்கோ போய்விடும். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான் இருக்கும். அவருடைய புகைப்படங்கள் கூகுள் கணக்கில் இருந்தால் இன்னொரு கெடுவும் உண்டு: இரண்டு வருடம் பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-ல் அந்நிறுவனம் அறிவித்த கொள்கை. ஆப்பிள் போன் என்றால், தனக்குப் பின் கணக்கைத் திறக்க யாரையாவது அவர் முன்பே நியமித்திருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் சட்ட ஆவணங்களோடு அந்நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். படங்களும் குரலும் எடுப்பது ஒன்று, அவருடைய ஒவ்வொரு உரையாடலையும் உட்கார்ந்து வாசிப்பது வேறு. அவர் போய்விட்டார், சரி. மறுமுனையில் அவரிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் உங்களிடம் பேசவில்லை.

அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அண்ணனின் அழைப்பு. ‘அப்பாவா அப்படி? எங்களை ஒருநாளும் தொட்டதில்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்ற சந்தேகம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணனுக்குப் பதினைந்து முடிந்தபோது உங்களுக்கு எட்டு, தங்கைக்கு ஐந்து. அண்ணன் பள்ளியில் சேர்ந்தபோது அப்பா இளைஞர். உங்கள் கடிதப்படியே அன்றைக்கு வேலை நிரந்தரமில்லை, கடன் இருந்தது, இரவு நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். உங்களுக்கு நினைவு தெரிந்த அப்பா கடன் அடைத்தவர், பொழுதோடு வீடு திரும்பியவர், மூத்த பிள்ளையிடம் எல்லாத் தவறையும் செய்து பழகிவிட்டவர். இரண்டு பேரும் ஒருவரேதான். நீங்கள் பார்த்தது பின்பாதி.

இது காரணம் சொல்வதே தவிர, நியாயம் சொல்வது ஆகாது. அண்ணனிடம் ‘அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் அடித்தார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பரவலாக நடந்தது உண்மைதான். ஆனால் அடி வாங்கியவர் காதில் அது ‘உன் வலி கணக்கில் வராது’ என்றுதான் விழும். ‘உன் நல்லதுக்குத்தானே’ என்பதும் வேண்டாம். அதை அவர் அடி வாங்கிய அன்றே கேட்டிருப்பார்.

புத்தகத்தில் பெல்ட்டைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. நினைவுப் புத்தகம் விசாரணை அறிக்கை கிடையாது, எல்லாவற்றையும் அதில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கும், அது நடக்கவே இல்லை என்று அச்சிடுவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ‘யார் மீதும் கை ஓங்கியதில்லை’ என்ற வரி இரண்டாவது வகை. நீங்கள் தெரியாமல்தான் எழுதினீர்கள். தெரிந்த பிறகும் அது அங்கே இருந்தால், பேரப்பிள்ளைகள் வாசிக்கும் புத்தகத்தில் அண்ணன் பொய்யராகிவிடுவார். எழுத மாட்டேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எழுதச் சொல்லி அம்மாவை விட்டுத் தூது அனுப்பாதீர்கள்.

அவருக்கு நீங்கள் அனுப்ப வேண்டியது சமாதானக் கடிதம் இல்லை. இரண்டு மூன்று வரி போதும்: ‘அண்ணா, எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். நீ எழுத வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம்.’ அவ்வளவுதான். பதினைந்து வயதோடு அடி எப்படி நின்றது என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்பா மாறினாரா, அண்ணன் எதிர்த்து நின்றாரா, அம்மா குறுக்கே வந்தாரா? அந்தக் கதை அண்ணனுடையது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகப் போய்த் தோண்ட வேண்டாம்.

அம்மாவின் ‘நல்லதை மட்டும் எழுது’ என்பதையும் உதறித் தள்ள வேண்டாம். அந்த வீட்டில், அந்த வருடங்களில் அவரும் இருந்தார். என்ன பார்த்தார், என்ன தடுக்க முடியாமல் போனது என்பது அவருக்குத்தான் தெரியும். கணவர் போன முதல் வருடத்தில் அதற்காக அவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவரிடம் ஒரு உடன்பாட்டுக்கு வரலாம்: நல்லதை மட்டுமே எழுதுகிறேன், ஆனால் அதிலும் உண்மையை மட்டுமே எழுதுகிறேன். இதற்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக் கடிதம் சொல்வதும் சொல்லாததும்

அந்தக் கடிதம் சொல்வது ஒன்றே ஒன்று: அவர் தேர்வாகியிருந்தார். ஏன் போகவில்லை என்று அதில் இல்லை. ‘எனக்காக’ என்பது நீங்கள் சேர்த்துக்கொண்டது.

இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருந்திருக்கலாம். அவருடைய பெற்றோரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். தன்னால் முடியுமா என்று பயந்திருக்கலாம். இருபது சொச்சம் வயதில் குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்தப் பயம் வருவது ஆச்சரியமில்லை. அல்லது, இதை நீங்கள் யோசித்தே பார்த்திருக்க மாட்டீர்கள், அவருக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லாமலே இருந்திருக்கலாம். கைக்குழந்தையோடு இருக்க ஆசைப்பட்டு ஒருவர் வீட்டிலேயே தங்கினால், அவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். எது நடந்தது என்பது நமக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், தொட்டிலில் கிடந்த குழந்தை எந்த முடிவையும் எடுக்கவில்லை.

குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் சட்டென்று தியாகத்துக்குப் போய்விடுகிறோம். கேட்க உயர்வாக இருக்கிறது. அதற்குள் ஒரு அநியாயம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தியாகி என்றதும் அந்த மனிதரின் விருப்பு வெறுப்பு, பிடிவாதம், சந்தோஷம் எல்லாம் காணாமல் போய், பிள்ளைகளுக்குத் தீர்க்க முடியாத ஒரு கடன் மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். ‘எங்களுக்காக’ என்ற சொல் ஏறக்குறைய எல்லாப் பத்தியிலும் வருகிறது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. எழுத்து நகராததற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதுவதற்கு அந்தப் பக்கங்களில் மனிதர் இல்லை.

மனிதர் வேறு இடத்தில் இருக்கிறார். கடிதத்தின் நான்காம் பக்கத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள், இதை எழுதியிருக்கிறீர்கள்: வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும் அப்பா ஒரு தாளின் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுப்பார். எந்தத் திருப்பத்தில் பெரிய மரம், எந்த இடத்தில் சாலை இரண்டாகப் பிரியும், பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது வரைக்கும் குறித்திருப்பார். எல்லோர் கையிலும் போனில் வரைபடம் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை, நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். பொழுதுபோக்கு ஒன்றும் கிடையாது என்று முதல் பக்கத்தில் எழுதியவரும் நீங்கள்தான்!

நான் அவசரப்பட்டு ‘ஆகவே அவர் கனவை வேறு வழியில் நிறைவேற்றிக்கொண்டார்’ என்று முடித்துவிடப் போவதில்லை. அதுவும் இன்னொரு அலங்காரக் கதையாகிவிடும். வருத்தமும் இருந்திருக்கலாம். அந்தத் தாள்கள் யாரிடமாவது பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். பழைய பையில், புத்தகத்தின் நடுவில், யாராவது ஒருவர் ஒன்றையாவது வைத்திருப்பார். உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி விஷயத்தை அம்மாவிடம் கேட்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். தயக்கம் சரிதான். அவருக்கே தெரியாமல் இருந்தால், இத்தனை வருடம் தன்னிடம் மறைத்தாரே என்று வலிக்கும். கடிதத்தை நேராக நீட்டாதீர்கள். ‘நான் பிறந்த சமயத்தில் அப்பாவின் வேலை எப்படி இருந்தது?’ என்று ஆரம்பித்து அவரைப் பேச விடுங்கள். தெரிந்தவராக இருந்தால் அவரே அந்த இடத்துக்கு வந்து சேருவார். வரவில்லை என்றால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு, பிறகு அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவரைப் பற்றிக் கூடப் பிறந்தவளுக்குத் தெரிந்தது பல சமயம் மனைவிக்குத் தெரியாது.

அழுகை வராததும் ஐசியூ மட்டும் வருவதும்

ஐந்து கட்டங்கள் என்ற பேச்சு எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதியதிலிருந்து வந்தது. அவர் பேசிப் பார்த்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம், அவர்களுடைய சொந்த மரணத்தைப் பற்றி. பின்னால் அது பறிகொடுத்தவர்களுக்கான படிக்கட்டாக மாறி, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் போல ஊரெல்லாம் பரவிவிட்டது. எல்லோருக்கும் ஒரே வரிசையில் வருவதில்லை என்று பின்னாளில் அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே நீங்கள் முதல் படியில் நிற்கவில்லை. அங்கே படியே இல்லை.

துக்கத்தில் இருப்பவர்களின் நாட்கள் எப்படிப் போகின்றன என்பதை மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்ன விதம் உங்கள் கடிதத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. மனம் ஒரு பக்கம் இழப்பைப் பார்க்கும், அப்புறம் அதை விட்டுவிட்டு வங்கி வேலை, பிள்ளைகளின் பள்ளி, அம்மாவுக்கு மருந்து என்று இன்னொரு பக்கம் போகும், மறுபடி திரும்பும். இந்தப் போக்குவரத்து இயல்பானது, தேவையானதும்கூட. அப்பா போன நாளிலிருந்து சான்றிதழ்களுக்கும் கையெழுத்துகளுக்கும் அலைந்தவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக இரண்டாவது பக்கத்திலேயே உங்களை நிறுத்தி வைத்துவிட்டு, அழவில்லையே என்று வேறு கேட்கிறார்கள். கண்ணீரை வைத்துப் பாசத்தை அளக்க முடியாது. சிலர் அழவே மாட்டார்கள், பிறகு நன்றாகவே இருப்பார்கள்.

கணவர் சொல்லும் ‘விட்டுவிடு’ என்பதற்குப் பின்னாலும் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. இறந்தவரிடமிருந்து மனப்பிணைப்பை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1917-ல் எழுதினார். 1920-ல் அவர் மகள் ஸோஃபி இறந்துபோனாள். 1929-ல், அவள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் தொனி வேறு: கடுமையான துக்கம் தணியும், ஆனால் அந்த இடத்துக்கு மாற்று கிடைக்காது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1990-களிலிருந்து துக்கத்தை ஆராயும் துறையிலும் பார்வை மாறிவிட்டது. இறந்தவரோடு உள்ள உறவு வடிவம் மாறித் தொடரலாம், அது நோய் அல்ல என்பதைப் பலரும் ஏற்கிறோம். கணவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ‘விட வேண்டியதில்லையாம், வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாமாம்’ என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஐசியூ ஏன் மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறது? ஒரு அனுபவத்தைப் பிறகு எடை போடும்போது அதன் உச்ச கணமும் முடிவும்தான் அதிகம் கனக்கின்றன, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது குறைவாகவே கணக்கில் வருகிறது என்பதை உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் இருந்தவர்களும் 1990-களில் வலி பற்றிய சோதனைகளில் காட்டினார்கள். எழுபது வருட வாழ்க்கைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நாற்பது வருட அப்பாவைச் சில நாள் படுக்கை மறைத்துவிடுவது உங்கள் மனதின் கோளாறு இல்லை என்பது புரியும். அந்தக் காட்சிகளைத் துரத்த முயலாதீர்கள், துரத்தினால் இன்னும் வரும். பக்கத்தில் வேறு காட்சிகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். புத்தக வேலை அதற்கு உதவும்.

எப்போது உதவி தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் என்று கணக்கு வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட திருத்தத்தில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். மாதக் கணக்கு மட்டும் போதாது. ஏறக்குறைய நாள் முழுவதும் ஏக்கம், அன்றாட வேலை செய்ய முடியாமை, தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டது போன்ற உணர்வு, யாரையும் நெருங்க விடாமை போன்றவற்றில் பலவும் சேர்ந்து விடாமல் இருந்தால்தான் அந்தப் பெயர். உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை. வேலைக்குப் போகிறீர்கள், தங்கையோடு சண்டை போடுகிறீர்கள், சிரித்த நாட்களும் இருக்கின்றன. ஆனால் தூக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரவுக்கு மூன்று மணி நேரம் என்பது பல வாரமாகத் தொடர்ந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஐசியூ காட்சிகள் நினைவாக வராமல், அங்கேயே நிற்பது போல உடம்பு நடுங்க வந்தாலும் அப்படியே. அப்பா போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி, கூட்டிப் போகச் சொல்லுங்கள். இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை, அம்மாவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதும் வேலை

முதலில், இதை நீங்கள் ஒருவரே எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே அப்பாவை எழுதப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒருவர்தான் வருவார். ஒவ்வொருவரும் சொல்வதை அவரவர் பெயர் போட்டு, அவரவர் பேச்சிலேயே வையுங்கள். ஒரே சம்பவத்தை அம்மா ஒரு மாதிரியும் தங்கை வேறு மாதிரியும் சொல்வார்கள். நினைவு என்பது எடுத்து வைத்த படம் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே விளக்கியிருக்கிறார். யார் சொல்வது சரி என்று பஞ்சாயத்து வைக்காமல் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். வாசிக்கவும் அதுதான் ருசியாக இருக்கும்.

கேள்விகளை மாற்றிக் கேளுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் கடைசியாக எதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்? யாரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்? எதில் ஏமாந்தார்? அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் இருந்ததா? தனியாக இருக்கும்போது என்ன முணுமுணுப்பார்? எந்தப் பொருளை யாரையும் தொட விடமாட்டார்? இப்படிக் கேட்டால் நிகழ்ச்சி வரும். நீங்கள் எழுதும்போதும் ‘எப்போதும்’, ‘ஒருநாளும்’ என்று தொடங்கும் வரிகளை அடித்துவிட்டு ‘ஒரு நாள்’ என்று தொடங்கிப் பாருங்கள். கூட வேலை பார்த்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். நண்பர்கள் இல்லை என்று நீங்கள் நினைக்கும் மனிதர், மதிய இடைவேளையில் முப்பது வருடம் யாரோ ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

அம்மாவை எழுதச் சொல்ல வேண்டாம், பேசச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். வயதானவர்கள் பழசையே திரும்பத் திரும்பப் பேசுவது புத்தி மங்குவதன் அடையாளம் இல்லை, வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அடுக்கிக்கொள்ளும் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-ல் எழுதினார். அம்மா ஒரே கதையை மூன்றாம் முறை சொன்னாலும் இடைமறிக்காதீர்கள். மூன்றாம் முறைதான் முன்பு விட்டுப்போன விவரம் வரும். பழைய புகைப்படங்களையும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்: யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் பின்பக்கம் எழுதி வையுங்கள். அதில் பாதிப் பேரை அடையாளம் சொல்ல இன்றைக்கு அம்மா ஒருவர்தான் இருக்கிறார்.

அப்பா எழுதிய கடிதங்களைச் சேர்க்க நினைத்தால் ஒரு சின்னச் சட்ட விஷயம். பெரும்பாலான நாடுகளில், கடிதம் எழுதப்பட்ட காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் சொந்தம். வீட்டுக்குள் நாற்பது பிரதி போடுவதில் வழக்கு வரப்போவதில்லை. ஆனாலும் வாரிசுகள் என்றால் அம்மாவும் நீங்கள் மூவரும். எந்தக் கடிதம் போகிறது என்பது நால்வருக்கும் தெரிந்திருக்கட்டும். கடிதத்தில் வேறு யாருடைய நோயோ கடனோ குடும்பச் சண்டையோ வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

நினைவு நாளுக்குள் முடியாவிட்டால் அன்றைக்கு ஒரு தாள் கொடுங்கள், போதும்: அவர் வரைந்த வழி ஒன்று கிடைத்தால் அது, பின்பக்கம் அவர் பிறந்த தேதி, இருந்த வீடுகள், பார்த்த வேலைகள். புத்தகம் அடுத்த வருடம் வரட்டும். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியை அண்ணனுக்கு அனுப்பி, உண்மைக்கு மாறாக ஏதாவது இருந்தால் மட்டும் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் பொறுத்திருந்து அச்சுக்குக் கொடுங்கள், மறுபடி கேட்காதீர்கள். அவர் பெயரைப் பிள்ளைகள் பட்டியலில் மூத்தவராக முதலிலேயே போடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.